மாமியார் தினமும் நகையைக் காணோம் என்கிறார், நான்தான் எடுத்தேன் என்கிறார். டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த வீட்டுக்கு உதவி எங்கே கிடைக்கும்?

கேள்வி. பிப்ரவரி 2, விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

மாமியாருக்கு 74 வயது. ஒன்றரை வருடமாக மறதி. இப்போது தினமும் பீரோவைத் திறந்து போட்டு, சங்கிலியைக் காணோம், நீதான் எடுத்தாய் என்கிறார். சங்கிலி அவர் கழுத்திலேயே கிடக்கிறது. நாத்தனார்கள் போனில் அவர் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். கணவர், வயசானா அப்படித்தான் என்று போய்விடுகிறார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா? நம் ஊரில் இதற்கு உதவி உண்டா, இல்லை நான் ஒருத்தியே பார்க்க வேண்டியதுதானா?

பிப்ரவரி 2, இரவு 10.40

ஒருத்தியாகப் பார்க்க முடியாதும்மா. உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் எழுதத் தோன்றுகிறது.

என் அப்பா திருச்சி - கும்பகோணம் தடத்தில் அரசு பஸ் கண்டக்டராக இருந்தவர். அல்சைமர் என்று சொல்லி ஆறேழு வருடம் ஆகிறது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அம்மா இல்லை, தம்பி பெங்களூரில். நகைப் பழி எங்கள் வீட்டில் வேறு உருவத்தில் வந்தது: கலெக்‌ஷன் பணம் குறைகிறது, என் கணவர்தான் பையில் கை வைத்தார் என்பார். பத்து வருடமாக 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று உருகியவர் அவர்.

வைத்த இடம் நினைவில்லை. ஆனால் பொருள் இல்லை என்பது தெரிகிறது. நடுவில் விழுந்த ஓட்டையை மூளை தானே ஒரு கதை கட்டி அடைத்துக்கொள்கிறது. அந்தக் கதையில் திருடனாக வருவது பெரும்பாலும் கூடவே இருந்து சோறு போடுகிறவர்தான், ஏனென்றால் கண்ணில் படுவது அவர் மட்டும்தான். உங்கள் மேல் அவருக்கு உள்ளுக்குள் வஞ்சம் இருந்து இப்போது வெளியே வருகிறது என்று நினைக்காதீர்கள். நாத்தனார்கள் அப்படிச் சொன்னாலும் நினைக்காதீர்கள்.

டாக்டர் விஷயம் நாளை எழுதுகிறேன். அப்பா எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 3, காலை 6.15

கட்டாயம் காட்ட வேண்டும். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது. மறதி போலத் தெரிகிற சில கோளாறுகள் சரி செய்யக் கூடியவை. தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மன அழுத்தம், எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்ல உறைந்த ரத்தம். ரத்தப் பரிசோதனையிலும் ஒரு ஸ்கேனிலும் இவற்றில் பல தெரிந்துவிடும். டிமென்ஷியாதான் என்று முடிவானாலும் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். அல்சைமர் ஒரு வகை. ரத்தக்குழாய் அடைப்பினால் வருவது இன்னொன்று. லூயி பாடி என்று ஒன்று உண்டு. அதில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், நடை இறுகும். அந்த வகைக்கு, பதற்றத்தை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரை கொடுத்தால் நிலைமை மிகவும் மோசமாகலாம். வகை தெரியாமல் தூக்கத்துக்கு என்று எதையும் கொடுக்கக் கூடாது.

விழுப்புரம் என்றால் உங்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கம். அங்கே மனநலப் பிரிவில் காட்டுங்கள். பெயரைக் கேட்டுக் கூச்சப்பட வேண்டாம். பாண்டிச்சேரி ஜிப்மரும் தூரமில்லை, நரம்பியல், மனநலம் இரண்டும் அங்கே உண்டு. போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, முதலில் என்ன மறந்தார், பணம் எண்ணுகிறாரா, அடுப்பை அணைக்கிறாரா, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எவை. அவர் எதிரில் இதையெல்லாம் சொல்ல முடியாது. தாளை டாக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஓபி கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அந்தத் தாள் நிறைய வேலை செய்யும்.

பிப்ரவரி 3, மதியம்

சொல்ல விட்டுப்போனது. காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமாக இருக்கிறவரிடம் நாம் சொல்வது பாதிதான் போய்ச் சேரும், அதை மறதி என்று எழுதிவிடுவோம். காது கேட்பது குறைந்தால் டிமென்ஷியா வரும் வாய்ப்பே கூடுகிறது. லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் பட்டியலிட்ட 14 காரணங்களில் அதுவும் ஒன்று, பார்வைக் குறைவும் ஒன்று.

பிப்ரவரி 5, இரவு

வல்லாரை கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். துவையலாகச் சாப்பிடட்டும், கீரைதானே. நோயைக் குணப்படுத்தும் என்று டப்பாவில் விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமாண்டின் என்று டாக்டர்கள் எழுதுகிற மாத்திரைகள்கூட நோயை நிறுத்துவதில்லை, சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும். அப்பாவுக்கு டோனெபெசில் இரவில் கொடுத்தபோது கெட்ட கனவாக வந்தது. டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினோம், நின்றது. நாடித் துடிப்பைக் குறைக்கும், வயிற்றுப்போக்கும் வரலாம். இதயக் கோளாறு இருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள்.

சளி, அரிப்பு என்று கடையில் அவில் வாங்கிப் போடும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. மறதி உள்ளவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும். பழைய மாத்திரை டப்பாவை ஒருமுறை டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

பிப்ரவரி 8, காலை

வாசகி கேட்ட 'உதவி' விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

14567 முதியோருக்கான உதவி எண், எல்டர்லைன். காலை 8 முதல் இரவு 8 வரை. மருத்துவமனை, காப்பகம், சட்ட வழி என்று விவரம் சொல்வார்கள். 14416 டெலிமானஸ், 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இது நோயாளிக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நானே கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன், என் பொருட்டு. மறுமுனையில் இருந்த பெண் அவசரமே படாமல் கேட்டார்.

சென்னையில் ஸ்கார்ஃப் இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய மனநலத் தொண்டு நிறுவனம், டிமென்ஷியாவுக்கென்றே டெம்கேர்ஸ் என்ற பிரிவு வைத்திருக்கிறார்கள். ஏஆர்டிஎஸ்ஐ என்கிற அல்சைமர் சங்கம் 1992-ல் கேரளத்தில் ஆரம்பித்தது, சென்னையிலும் கிளை உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கை அரசு மருத்துவமனை 2024-ல் திறந்தார்கள். வேலூர் சிஎம்சியில் முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு பக்கம் உள்ளவர்களுக்கு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை.

எல்லாம் சென்னை, வேலூர், பெங்களூர். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர் என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்றும் அதிலேயே இருக்கிறது. பகல் நேரக் காப்பகம் வேண்டும் என்று தஞ்சாவூரில் நான் விசாரிக்காத இடமில்லை. கிடைக்கவில்லை. நோய் கிராமத்தில், உதவி தலைநகரத்தில் என்று இருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறபோது, காலையில் விட்டுச் சாயங்காலம் கூட்டி வர முதியவர்களுக்கு ஒன்றியத்துக்கு ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது?

பிப்ரவரி 8, இரவு

காலையில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எண்களும் பெயர்களும் சரி. ஆனால் எனக்கு உண்மையில் மூச்சு விட முடிந்தது அவற்றால் மட்டும் இல்லை.

அப்பாவோடு வண்டி ஓட்டிய டிரைவர் மாமா ஒருவர் கரந்தையில் இருக்கிறார். ஒரு நாள் பார்க்க வந்தவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பாபநாசம் ரயில்வே கேட், அய்யம்பேட்டையில் ஏறும் வெற்றிலைக் கட்டு, செக்கிங் வந்த கதை. அப்பாவுக்கு என் பெயர் வராது, ஆனால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை ஸ்டாப் வரிசை ஒன்று விடாமல் வந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் நான் குளித்தேன், தூங்கினேன், மார்க்கெட் போய் வந்தேன். கிளம்பும்போது மாமாவிடம் கேட்டே விட்டேன்: வாரத்தில் இரண்டு நாள் வருவீங்களா மாமா? "இதைக் கேட்க இத்தனை நாளா பாப்பா?" என்றார். செவ்வாயும் சனியும் வருகிறார்.

அதனால் வாசகிக்கு என் பதில் இதுதான். மாத்திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது ஆளை. சம்பளத்துக்கு வருகிறவராக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், எதிர்வீட்டு அக்காவாக இருக்கலாம். வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் என்று பேசிக்கொள்ளுங்கள். 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் அங்கேயே சொல்லுங்கள்: வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து ஆறு வரை அத்தையோடு இருங்க.

பிப்ரவரி 9

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டவருக்கு: கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது. பராமரிப்பவர்களுக்கும் வழி சொல்வார்கள், அங்கே பேசிப் பாருங்கள்.

பிப்ரவரி 12, இரவு 11

மாலை ஐந்து மணி பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

வெளிச்சம் இறங்க ஆரம்பித்தால் பலருக்குப் பதற்றம் கூடும். வீட்டுக்குப் போகணும் என்பார்கள், அவர்கள் இருப்பது அவர்கள் வீட்டிலேயே. அப்பாவுக்கு டெப்போவுக்குப் போக வேண்டும். சட்டைப் பையில் சீப்பு, மடித்த கைக்குட்டை, தினத்தந்தியைக் கிழித்துச் செய்த டிக்கெட் கட்டு. அந்தக் கட்டைப் பார்த்தால் யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரே அகலம், ஒரே நீளம், ஓரத்தில் நூல் கோத்திருக்கும். கதவைப் பூட்டினால் கத்துவார், தள்ளுவார். "அப்பா, நீங்க ரிட்டையர் ஆகி இருபது வருஷம் ஆச்சு" என்று சொன்னால் அவமானப்பட்ட முகம் வரும். அதைப் பார்க்கத் தாங்காது.

ஒரு நாள் என் மகன், பிளஸ் டூ படிக்கிறான், சர்வ சாதாரணமாகச் சொன்னான்: "தாத்தா, வண்டி பிரேக்டவுன். டெப்போலேருந்து போன் வந்துச்சு. ட்ரிப் கேன்சல்." அப்பா செருப்பைக் கழற்றினார். "அந்த வண்டிய கண்டம் பண்ணச் சொல்லி எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாச்சு" என்று உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இப்போது நாலரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். காபி மதியத்தோடு சரி. சாயங்காலம் கறிவேப்பிலை உருவவோ சில்லறை பிரிக்கவோ கொடுக்கிறோம். சில்லறை பிரிப்பதில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

பிப்ரவரி 14

பெற்றவரிடம் பொய் சொல்வது தவறு என்று பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஐயா. நானும் இதை யோசிக்காமல் இல்லை.

அம்மா எங்கே என்று அப்பா கேட்பார். இறந்துவிட்டாள் என்று சொன்னால் அந்த நிமிடம்தான் முதல்முறையாகக் கேட்பது போல அழுவார். பத்து நிமிடத்தில் மறப்பார், மறுபடி கேட்பார். அந்த அழுகையை ஒரே நாளில் பலமுறை கொடுக்க எனக்கு மனம் இல்லை. அதற்காகக் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது, "அம்மா ஞாபகம் வந்துடுச்சாப்பா? அவங்க வைக்கிற வத்தக்குழம்பு மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குது" என்று ஆரம்பிப்பேன். அதில் பொய் இல்லை. குழம்பிலிருந்து கல்யாணத்துக்குப் போவார், அப்புறம் மாமனார் வீட்டு மாடு. கேட்ட கேள்வி அங்கேயே கரைந்துவிடும்.

நகைக்கும் இதே வழிதான், விழுப்புரத்துத் தங்கையே. நான் எடுக்கவில்லை என்று வாதாடாதீர்கள். கழுத்தைத் தொட்டுக் காட்டாதீர்கள், கண்ணாடியையும் காட்டாதீர்கள். "சங்கிலியைக் காணோமா அத்தை? அப்பாடி, பயமா இருக்குமே. வாங்க சேர்ந்து தேடலாம்." தேடும்போதே சங்கிலி யார் போட்டது என்று கேளுங்கள். நிஜ நகையை லாக்கரில் வைத்துவிட்டு, பார்வைக்கு அதே போல ஒரு கவரிங் சங்கிலி போட்டுவிடுவதையும் யோசியுங்கள். ஆனால் நாத்தனார்கள் முன்னால், அவர்களுக்குச் சொல்லி, எடை போட்டு, போட்டோ எடுத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழி நிஜமாகவே உங்கள் தலையில் விழும்.

பிப்ரவரி 15

பீரோக் கண்ணாடிக்குள் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள் என்று மாமியார் பயப்படுகிறாராம். பழைய புடவையைப் போட்டு மூடிவிடுங்கள். குளியலறை வாசலில் கறுப்பு மிதியடி இருந்தால் எடுத்துவிடுங்கள், பள்ளம் மாதிரி தெரியும், கால் வைக்க மாட்டார்.

பிப்ரவரி 19, இரவு

நல்ல செய்தி எழுதியிருக்கிறார் வாசகி. முண்டியம்பாக்கத்தில் காட்டியிருக்கிறார்கள், பி12 குறைவு என்று ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள், ஸ்கேனில் அல்சைமர் மாதிரி தெரிகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். பி12 ஊசியால் கொஞ்சம் தெளிவு வரலாம், எல்லாமே திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கணவர் கூடப் போய் டாக்டர் வாயால் கேட்டது பெரிய விஷயம்.

இப்போது தள்ளிப் போடக் கூடாத வேலை, காகிதங்கள். மாமியாருக்குப் புரிந்து கையெழுத்துப் போடத் தெரிகிற இந்தக் காலத்திலேயே செய்ய வேண்டும். பவர் பத்திரம் எழுதி வாங்கினால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவு இழந்துவிட்டால் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி அந்தப் பவர் முடிந்துபோகிறது. தேவைப்படும் நேரத்தில் கைவிடும் காகிதம் அது. வங்கிக் கணக்கில் மகனையோ மகளையோ கூட்டாகச் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று இப்போதே மாற்றிக்கொள்ளலாம். உயில் எழுத வேண்டும் என்று அவரே விரும்பினால், தெளிவாக இருக்கிறார் என்று அன்றைய தேதியில் டாக்டர் சான்றிதழோடு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சை முடிவுகளில் தன் சார்பில் பேச ஒருவரை அவரே நியமிக்கவும் முடியும். எல்லாம் கை மீறிய பிறகு, குடும்பத்தினர் உயர் நீதிமன்றம் வரை போய்க் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அம்மாவின் சிகிச்சைக்கு அம்மாவின் டெபாசிட்டையே எடுக்க முடியாமல் கடன் வாங்கினார்கள்.

இதிலும் நாத்தனார்களை உட்கார வைத்துச் செய்யுங்கள்.

கணவர் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறாரா? 80டிடிபி பிரிவில் டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்குக் கழிவு உண்டு, 60 வயதைத் தாண்டியவருக்கு 1 லட்சம் வரை. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், நரம்பியல் நிபுணர் எழுதித் தர வேண்டும். புது முறையில் கிடையாது.

பிப்ரவரி 23

ஹோம் நர்ஸ் வைக்கலாமா? நாங்கள் ஓர் ஏஜென்சி மூலம் வைத்தோம். டிமென்ஷியா தெரிந்தவர் என்று சொல்லி அனுப்பினார்கள், வந்த பெண்ணுக்கு அந்தச் சொல்லே புதிது. நாள் முழுக்க போன். அப்பாவைக் குளிக்க வைக்க இழுத்ததில் கை கன்றிப்போனது. அன்றே அனுப்பிவிட்டோம், முன்பணம் திரும்ப வரவில்லை. அதன்பின் தெருக்கோடியில் இருக்கும் ஓர் அக்காவை, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர், நாங்களே பேசி வைத்தோம். முதல் வாரம் நான் கூடவே இருந்தேன். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தேன்: குளிக்கலாம் வாங்க என்று கூப்பிடாதீர்கள், தண்ணீர் விளாவி வைத்துவிட்டு, துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். கண்டக்டர் டூட்டிக்குக் குளிக்காமல் போக மாட்டார்.

சம்பளத்தைத் தம்பி அனுப்புகிறான். ஆரம்பத்தில் எனக்கு அது கசந்தது, பணத்தோடு கடமை முடிந்துவிடுமா என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவன் பணத்தில்தான் எனக்குப் பகல் கிடைக்கிறது. வருடத்தில் இரண்டு வாரம் அவனே வந்து பார்க்கிறான். முதல்முறை வந்துவிட்டுப் போனவன் ரயிலிலிருந்து போன் செய்து ரொம்ப நேரம் பேசவே இல்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னான்.

பிப்ரவரி 24

திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: நேற்று வரை பேசிக்கொண்டிருந்த அம்மா இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டார், பகலெல்லாம் தூக்கம், இரவில் உளறல். நோய் முற்றிவிட்டதா?

தயவு செய்து இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டிமென்ஷியா பெரும்பாலும் மாதக்கணக்கில் நகரும், இரண்டு நாளில் இப்படித் தாண்டிக் குதிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, சோடியம் இறங்குவது, புதிதாகக் கொடுத்த மாத்திரை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். பார்த்தால் சரியாகக் கூடியவை.

பிப்ரவரி 25

சிறுநீர்த் தொற்றுதானாம். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, மகளை அடையாளம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம்.

மார்ச் 2, காலை

விழுப்புரத்துத் தங்கையே, பெரிய நாத்தனார் ஒரு வாரம் வந்து இருக்கப் போகிறார் என்றும், வந்தால் என்ன சமைப்பது, எப்படி நடந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சமைக்க வேண்டாம். நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள்.

கூடவே இருந்தால் அவர் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போவார். மாமியாரும் புது ஆளைக் கண்டால் முதல் நாள் நன்றாகத்தான் பேசுவார், 'அம்மாவுக்கு ஒன்றுமில்லையே, இவள்தான் பெரிதாக்குகிறாள்' என்று ஆகிவிடும். முதல் நாள் கூட இருந்து எல்லாம் காட்டிவிட்டு, இரண்டாம் நாள் காலையில் கிளம்புங்கள். மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். வாசல் தாழ்ப்பாள் மேலே இருக்கிறதா பாருங்கள். போன் நம்பரை ஒரு துணித்துண்டில் மார்க்கரால் எழுதி அத்தையின் நைட்டியின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். அப்படியும் வெளியே போய்விட்டால் தேடிக்கொண்டு நேரம் கடத்தாமல் 112-க்குச் சொல்ல வேண்டும் என்று நாத்தனாரிடம் சொல்லி வையுங்கள். சாயங்காலம் நாலரைக்கு விளக்கு.

சங்கிலியைக் காணோம் என்று மாமியார் நாத்தனாரையும் சொல்வார். அப்போது உங்களுக்கு போன் வரும். எடுங்கள், ஆனால் 'பார்த்தீங்களா' என்று கேட்காதீர்கள். என்ன சொன்னால் அத்தை சமாதானமாவார் என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். அந்த வாரம் முடிவதற்குள், மாதத்தில் எந்த நாட்கள் அவர் பொறுப்பு என்று கேலண்டரில் இரண்டு பேரும் சேர்ந்து குறித்துவிடுங்கள்.